மதுரையில் மூன்று நாள் விடுமுறை: எதைப் பார்ப்பது, எதை விடுவது

புனித வெள்ளி எப்படியும் சனி ஞாயிறோடு சேர்ந்தே வரும். தமிழ்ப் புத்தாண்டும் மே தினமும் சில ஆண்டுகளில் சேர்ந்துகொள்ளும். இந்த இளவேனில் விடுமுறைக்கு மதுரை வருபவர்கள் பத்துப் பதினைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொன்றும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் இங்கே வெயில் 38 பாகையைத் தாண்டுவது சாதாரணம், 40-ஐத் தொடும் நாள்களும் உண்டு. மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30-க்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். மற்ற பெரிய கோயில்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

அதனால் வெளியில் நடக்கக் கிடைப்பது காலை 10 மணி வரையும், மாலை 4.30-க்குப் பிறகும். நடுவே ஆறரை மணி நேரம் கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும். மூன்று காலை, மூன்று உச்சிப்பொழுது, மூன்று மாலை என்று விடுமுறையை ஒன்பதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போட்டி இன்னொரு மலை. அருங்காட்சியகத்துக்குப் போட்டி இன்னொரு அருங்காட்சியகம். மலையையும் அருங்காட்சியகத்தையும் ஒரே தட்டில் வைத்து யோசிக்கும்போதுதான் காலையில் ஏற வேண்டிய பாறையில் பதினொரு மணிக்குப் போய் நிற்க நேர்கிறது.

முதலில் தீர்க்க வேண்டியது: திருவிழாவோடா, திருவிழா இல்லாமலா?

சித்திரைத் திருவிழா ஏப்ரல் விடுமுறையோடு சேரும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியன்று. 2024-இல் அது ஏப்ரல் 23, 2025-இல் மே 12. ஆண்டுக்கு ஆண்டு இப்படி நகரும் என்பதால் பஞ்சாங்கத்தில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் சீட்டு எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் மீனாட்சி கோயிலில் கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம் எல்லாம் வரிசையாக நடந்து முடியும்.

கோயிலின் சிற்பங்களை நின்று பார்க்க வேண்டும், ஊரை நிதானமாகச் சுற்ற வேண்டும் என்பவர்கள் திருக்கல்யாணத்திலிருந்து அழகர் தன் மலைக்குத் திரும்பும் வரையுள்ள நாள்களைத் தவிர்ப்பது நல்லது. மாசி வீதிகளில் வண்டி போகாது, வைகைப் பாலங்களைக் கடக்க மணிக்கணக்காகும், அறை கிடைப்பது அரிது. ஊரை விட, ஊர் ஒன்றுகூடுவதைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அந்த நாள்களுக்கு ஈடு வேறில்லை. திருக்கல்யாணத்தன்று மீனாட்சிக்கு மங்கலநாண் ஏறும் அதே நேரத்தில் வீதியெங்கும் நிற்கும் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்வார்கள். அதைப் பார்க்கக் கோயிலுக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே உட்கார விரும்பினால் கோயில் நிர்வாகம் இணையத்தில் விற்கும் கட்டணச் சீட்டுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும்.

ஆற்றில் இறங்கும் விடியலைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வைகையின் ஏ.வி. பாலத்தை ஒட்டிய அந்தச் சில நூறு மீட்டரில்தான் கூட்டம் முழுவதும் முட்டுகிறது. 2022 ஏப்ரல் 16 அன்று அங்கே நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். சிறு குழந்தை, முதியவர், கர்ப்பிணி யாரோடும் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். அவர்களுக்கு ஏற்றது முந்தைய நாளின் எதிர்சேவை, அழகரை வழியில் எதிர்கொண்டு வரவேற்பது. அழகர் மலையிலிருந்து வரும் வழி நீளமானது, அவர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகள் பல. புதூர், தல்லாகுளம் பக்கம் அகலமான சாலையோரத்தில் நின்றால் கள்ளர் கோலத்தில் வரும் அழகரை நெருக்கடியின்றிப் பார்க்கலாம். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் திருவிழாவின் முதல் ஏழு நாள்களில் ஒரு மாலை வாருங்கள். அம்மனும் சுவாமியும் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருவார்கள், முன்னால் வேடமிட்ட குழந்தைகளும் கோலாட்டக் குழுக்களும் போகும். கூட்டம் இருக்கும், ஆனால் நகர முடியாத நெரிசல் இருக்காது. எங்கே நின்றாலும் கைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேவை. அழகருக்குத் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவது நேர்த்திக்கடன், அருகில் நிற்பவர் நனையாமல் திரும்ப முடியாது.

இனி எழுதுவது திருவிழா இல்லாத விடுமுறையை மனத்தில் வைத்து.

தங்குமிடம்: கோயில் பக்கமா, ஆற்றுக்கு அக்கரையா?

ரயிலில் வருபவர்களுக்குக் கோயில் பக்கம்தான். மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பகுதியில் அறை எடுத்தால் ரயில் நிலையமும் கோயிலும் இருபுறமும் நடக்கும் தூரத்தில் இருக்கும். விடியற்காலை நடை திறக்கும்போதும் இரவு பள்ளியறைப் பூசை முடிந்தும் ஆட்டோ தேட வேண்டாம். அறை எடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? இரவு ரயிலில் வந்து விடியலில் இறங்குபவருக்குப் பன்னிரண்டு மணிக் கணக்கு விடுதியில் அரைநாள் வீணாகும், அல்லது ஒரு நாள் வாடகை கூடுதலாகும். நிலையத்தை ஒட்டிய பல லாட்ஜுகளில் 24 மணிக் கணக்கு இன்னும் இருக்கிறது.

சொந்தக் காரில் வருபவர்கள் மாட்டுத்தாவணி, கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் தங்கினால் நிம்மதி. சித்திரை வீதிகளுக்குள் வண்டி போகாது. மாசி வீதிகளில் ஒருவழிப் பாதைகளும் கடைச் சரக்கு வண்டிகளும் சேர்ந்து ஊர் தெரியாதவரைச் சுற்றவிடும். வடக்கு ஆவணி மூல வீதியில் பல்லடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது, ஆனால் விடுமுறை நாளில் முற்பகலுக்குள் நிரம்பிவிடலாம். காரை அறையிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வருவதே மேல். மலைகளுக்கும் கீழடிக்கும் மட்டும் காரை எடுங்கள்.

கோயில்: விடியலா, இரவா?

இரண்டுக்கும் வேறுவேறு பயன். தரிசனம் முக்கியம் என்றால் விடியல். ஐந்து, ஐந்தரைக்கு உள்ளே போனால் எட்டு மணிக்கு நீளும் வரிசைக்கு முன்பே இரு சன்னதிகளையும் முடிக்கலாம். முதியவர்களை அழைத்து வருபவர்கள் யோசிக்கவே வேண்டாம், இதுதான். வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று உள்ளூர் மக்களே திரண்டு வருவார்கள், விடுமுறை வெள்ளியென்றால் வெளியூர்க் கூட்டமும் சேரும்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் போனால் கிடைப்பது வேறொரு கோயில். வெப்பம் இறங்கியிருக்கும். பொற்றாமரைக் குளத்துப் படிகளில் உட்கார இடம் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் சுந்தரேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றி, மேளதாளத்தோடு அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். நாள்தோறும் நடப்பதுதான். மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சிற்பம் பார்ப்பவர்கள் இந்த இரண்டு பொழுதுக்கும் நடுவே, காலை ஏழு முதல் பத்து வரை ஒதுக்குங்கள். தரிசன வரிசையில் நின்றால் சிற்பங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், அதனால் அந்த நேரத்தில் வரிசையில் சேராதீர்கள். கம்பத்தடி மண்டபத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் வேண்டும். மீனாட்சியைத் திருமால் தாரை வார்த்துக் கொடுக்கும் திருக்கல்யாணக் காட்சியும், ஊர்த்துவ தாண்டவமும், எதிரே ஆடும் காளியும் அங்கேதான். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். வரிசை எந்தக் கோணத்திலும் பிசகாமல் நிற்பதை மெதுவாகப் பக்கவாட்டில் நடந்து பார்த்தால் அறியலாம்.

நடைமுறையில் தவறுவது ஒரே இடத்தில். கைபேசியோடு உள்ளே விடமாட்டார்கள், வாசலில் உள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். செருப்புக்கும் அப்படியே. நான்கு கோபுர வாசல்களும் புதியவருக்கு ஒன்றுபோலத் தெரியும். கிழக்கில் விட்டுவிட்டு மேற்கில் வெளியே வந்தவர்கள், பகல் பதினோரு மணிக்குச் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி வர நேரும். உள்ளங்கால் கொப்பளிக்கும் சூடு அது. நுழைந்த கோபுரத்தின் பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். குழுவாக வந்தால் கைபேசி இல்லாமல் ஒருவரையொருவர் தேட முடியாது. பிரிந்துவிட்டால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்தின் வடக்குப் படி எல்லோருக்கும் எளிதில் தெரியும் இடம். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடைக்கு அனுமதி இல்லை.

காலைப் பொழுது: நான்கு மலைகளில் எது?

மதுரையின் பெரிய செல்வம் அதைச் சூழ்ந்த பாறைக் குன்றுகள் என்பதை இன்னும் பலர் அறியாமல் திரும்புகிறார்கள். கோயிலைப் போலவே இவற்றுக்கும் ஒரு காலை கொடுத்தாக வேண்டும்.

முதல்முறை வருபவருக்குச் சமணர் மலை. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி, கீழக்குயில்குடி ஊரையொட்டி நிற்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமர நிழல், கருப்பசாமி கோயில். பாறையில் வெட்டிய படிகளும் பிடிகம்பியும் உள்ளன. நிதானமாக ஏறினாலும் அரை மணிக்குள் பேச்சிப்பள்ளத்துக்குப் போய்விடலாம். அங்கே ஒரு சுனையை ஒட்டிய பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் உள்ளிட்ட சிற்பங்கள் வரிசையாக நிற்க, கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பலரும் இதோடு இறங்கிவிடுகிறார்கள். செட்டிப்புடவு என்ற குகை மலையின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே இறங்கிச் சுற்றித்தான் வர வேண்டும். வெளியே பெரிய மகாவீரர் உருவம். உள்ளே குகையின் வளைந்த கூரையில், சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வருபவனோடு போரிடும் யட்சி என்ற சமணக் காவல் தெய்வம். மேலே ஏற முடியாதவர்களுக்குச் செட்டிப்புடவே போதும், ஏற்றம் மிகக் குறைவு. ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். எட்டரைக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கும், ஒன்பதரைக்குக் கை வைக்க முடியாது. மேலே நிழல் கிடையாது.

முதியவர்களோடு வந்தவர்களுக்கு யானைமலை. மேலூர் சாலையில் ஒத்தக்கடையில் திரும்பினால் நரசிங்கம். யானை படுத்திருப்பது போன்ற அந்த நீண்ட பாறையின் அடியிலேயே யோக நரசிம்மர் குடைவரை இருப்பதால் ஏற்றமே இல்லை. கி.பி. 770-இல், பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைந்து, முடிப்பதற்குள் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்கு நடத்தினான் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு குடும்பச் செய்தி இவ்வளவு துல்லியமாக நம் கைக்கு வருவது எளிதில் நடப்பதல்ல. அதே மலையில் லாடன் கோயிலும், சற்று ஏறினால் சமணச் சிற்பங்களும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. முழு மலையையும் ஏறிக் கடப்பதை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு அரிட்டாபட்டி. அதே மேலூர் சாலையில் இன்னும் மேலே போய், நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்ததை ஊர் மக்கள் ஒன்றாக நின்று எதிர்த்தார்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. குடைவரைச் சிவன் கோயிலின் முகப்பில் சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசர் உருவம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அரிதாகக் காணக் கிடைப்பது. அருகிலேயே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் மகாவீரர் சிற்பமும். பாறை இடுக்குகளில் வல்லூறுகளும் கழுகுகளும் கூடு கட்டும் என்பதால் சத்தம் போடாதீர்கள், பாறையின் மேல் டிரோன் விடவே விடாதீர்கள். கடை எதுவும் இருக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காலை உணவு கையோடு எடுத்து வாருங்கள். குடைவரைக் கோயில் பூட்டியிருந்தால் ஊருக்குள் விசாரியுங்கள், வழியும் காட்டுவார்கள். விடியலில் இங்கே வந்து, திரும்பும் வழியில் எட்டரை மணிக்கு நரசிங்கத்தில் இறங்கினால் ஒரே சாலையில் இரண்டும் முடிந்துவிடும். மூன்று காலைகளில் ஒன்றை இப்படிச் செலவிட்டவர்கள் மதுரையை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

நான்காவது அழகர் மலை, நகரிலிருந்து 21 கிலோமீட்டர். மர நிழல் உண்டு, கீழே கள்ளழகர், பதினெட்டாம்படிக் கருப்பர், நடுமலையில் பழமுதிர்ச்சோலை, மேலே நூபுர கங்கை. குடும்பமாகச் சாமி கும்பிட வருபவர்களுக்கு மற்ற மூன்றையும் விட இதுவே பொருந்தும். ஆனால் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஆறு மணிக்கே கிளம்பி, முதலில் மேலே நூபுர கங்கைக்குப் போய்விட்டு இறங்கும்போது பழமுதிர்ச்சோலை, கடைசியில் அழகர் என்று வாருங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். குரங்குகள் தின்பண்டப் பையைக் குறிவைத்துப் பறிக்கும், கையில் தொங்கும் பை வேண்டாம். கோயில் பிரசாதமான அழகர் கோயில் தோசை தடிமனாக, மிளகு சீரக வாசத்தோடு நெய்யில் வெந்திருக்கும். இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

திருப்பரங்குன்றத்தை இந்த விடுமுறையில் விடலாம். அறுபடை வீட்டில் முதலாவது, வராமல் போக மனம் கேட்காது என்பவர்கள் விமான நிலையத்துக்கோ தெற்கே போகும் வழியிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், தனிப் பொழுது ஒதுக்க வேண்டாம்.

உச்சிப்பொழுது: கீழடியா, மகாலா, காந்தி அருங்காட்சியகமா?

முதலில் விடுமுறை நாள்களைப் பாருங்கள். காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கீழடிக்குச் செவ்வாய் விடுமுறை. புனித வெள்ளியன்று காந்தி அருங்காட்சியகம் இருக்கும் தமுக்கம் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவோர் ஆண்டுதோறும் உண்டு.

மூன்றில் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் கீழடி. நகரிலிருந்து ராமேசுவரம் சாலையில் 13 கிலோமீட்டர் அளவு, சிலைமான் தாண்டி, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள். 2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டப்பட்டது. நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரிம மாதிரிகளில் ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைதான் இந்த இடத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்களின் முன் நின்று நிதானமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். நூல் நூற்கும் தக்களி, நெசவுக்கான எலும்பு முனைகள், பகடை, தங்க அணிகள், சூதுபவள மணிகள், உறைகிணறு என்று வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் வேண்டும். 12 மணிக்குள் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது, அருகில் முழுச்சாப்பாட்டுக்கு வழி குறைவு. ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு முற்றத்தைக் கடக்க வேண்டியிருக்கும், குழந்தைகளுக்குத் தொப்பி வையுங்கள்.

ஒரு எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அகழாய்வுக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மண் போட்டு மூடுவதே முறை, திறந்து விட்டால் மழையும் வெயிலும் சுவர்களைக் கரைத்துவிடும். ஆகவே படங்களில் பார்த்த குழிகள் எல்லாம் கண்முன் இருக்கும் என்று எண்ணி வராதீர்கள். பேருந்தில் வருபவர்கள் மானாமதுரை, ராமநாதபுரம் பக்கம் போகும் வண்டிகளில் கீழடி விலக்கில் நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். விலக்கிலிருந்து ஊருக்குள் போக ஆட்டோ பிடித்தால், திரும்புவதற்கும் அதே ஆட்டோவைப் பேசி வையுங்கள்.

திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். 1636-இல் எழுந்த அரண்மனையில் இன்று நிற்பது ஒரு பகுதியே. சொர்க்க விலாசத்தின் குவிமாடமும் ராட்சதத் தூண்களும் கல்லால் ஆனவை போலத் தெரியும், உண்மையில் செங்கல்லும் சுதையும்தான். நடுமுற்றம் திறந்தவெளி என்பதால் பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். மூன்றரைக்கு வந்தால் தூண்களின் நிழல் நீண்டு படமெடுக்கவும் நன்றாக இருக்கும். மாலை ஐந்து மணிக்குள் பார்த்து முடிக்கும்படி வாருங்கள். ஒலி ஒளிக் காட்சி சீரமைப்புப் பணிகளால் நிறுத்தப்படுவது உண்டு, அதை நம்பி மாலையைத் திட்டமிடாமல், நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காந்தி அருங்காட்சியகம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்தது. சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வருபவர்கள் கீழடியை விட்டாலும் இதை விட வேண்டாம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது மதுரை மேலமாசி வீதி வீடொன்றில்தான். அந்த இடத்தில் இன்று கதர்க்கடை நடக்கிறது, மாலை கடைவீதி போகும்போது பார்த்துவிடலாம்.

கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு மூன்றும் கடினம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது, குளிரூட்டப்பட்டது. அரசு விடுமுறையன்று திறந்திருக்குமா என்று மட்டும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

மாலை: தெப்பக்குளம், கடைவீதி, சாப்பாடு

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் குழந்தைகளுக்கு. திருமலை நாயக்கர் வெட்டிய குளம், கரையைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாலை ஐந்தரைக்குக் காற்று வரும், சுற்றிலும் தின்பண்டக் கடைகள். ஞாயிறு மாலை நிற்க இடமிருக்காது, சனிக்கிழமை மேல்.

துணி வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: புது மண்டபத்துக்குள் இருந்த தையல், புத்தக, பாத்திரக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே போய்த் தேடாதீர்கள். சுங்குடிச் சேலையில் கையால் முடிச்சிட்டுச் சாயம் போட்டதும் அச்சு போட்டதும் ஒரே கடையில் இருக்கும். முடிச்சிட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது, துணி அங்கங்கே சற்றுச் சுருங்கி எழும்பி நிற்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணி தட்டையாக இருக்கும். விலை வித்தியாசம் பெரிது, கேட்டு வாங்குங்கள். முதல் துவைப்பில் தனியாக, உப்புத் தண்ணீரில் அலசுங்கள்.

சாப்பாட்டுக்கு மதுரையில் நேரக் கணக்கு உண்டு. பருத்திப்பால் காலையிலும் மாலையிலும் தள்ளுவண்டியில், கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துச் சூடாக. கறிதோசை பெரும்பாலும் இரவுக்குத்தான். கல்லில் மாவு ஊற்றி, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி மசாலா பரப்பித் திருப்பிப் போட்டு வேகவிடுவது. மாலை ஏழுக்கு முன் சிம்மக்கல் பக்கம் போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம். ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் பக்கம் போங்கள். ஊறவைத்த கடல்பாசி, நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே பாசந்தியும் ஐஸ்கிரீமும். இனிப்பு கனமாக இருக்கும், முதலில் சின்னக் குவளை வாங்குங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இரவு இட்லிக் கடைகளுக்குப் போகலாம், பல வகைச் சட்னியோடு பத்தரை மணிக்கும் சூடாகக் கிடைக்கும். சித்திரையில் சாலையோரம் நுங்கு வந்துவிடும். உச்சிவெயிலில் பாட்டில் குளிர்பானத்தை விட்டு அதைச் சாப்பிடுங்கள்.

சேர்த்துப் பார்த்தால்

முதன்முறை வருபவர் வெள்ளி காலை இறங்கினால்: அன்று உச்சியில் மகால், மாலை கடைவீதி. சனி விடியலில் சமணர் மலை, பகலில் கீழடி, இரவு பள்ளியறை. ஞாயிறு விடியலில் தரிசனமும் சிற்பங்களும், பகலில் காந்தி அருங்காட்சியகம், மாலை ரயில். முன்பே மதுரை பார்த்தவர் சனியன்று அரிட்டாபட்டியும் நரசிங்கமும் போய்விட்டு, ஞாயிறு காலையைக் கம்பத்தடி மண்டபத்துக்கு முழுமையாகக் கொடுக்கலாம். முதியவர்களோடு வந்தால் அழகர் கோயிலுக்கு ஒரு காலை, நரசிங்கத்துக்கு ஒரு காலை, கோயிலுக்கு ஒரு விடியல். பகலெல்லாம் ஓய்வு. கீழடிக்குப் போகும் ஆசை இருந்தால் காரில் மட்டும்.

மலைகளுக்கு ஆட்டோவில் போனால் இறங்கும் இடத்தில் வேறு வண்டி கிடைக்காது. காத்திருப்பு நேரம் சேர்த்துப் போக வர ஒரே தொகை பேசிக்கொள்ளுங்கள், அல்லது அரைநாள் வாடகைக்குக் கார் எடுங்கள். நான்கு பேர் என்றால் இரண்டு செலவும் பெரிதாக வேறுபடாது.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன் திறக்கும். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்கள் திறந்த அன்றே நிரம்பும். தவறவிட்டால் பகல் ரயில்களில் தேடுங்கள், வைகையிலும் தேஜசிலும் வந்தே பாரத்திலும் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். திரும்பும் சீட்டை ஞாயிறு இரவுக்கு எடுக்க முடியாவிட்டால் திங்கள் விடியலுக்கு எடுங்கள். ஞாயிறு இரவு மாட்டுத்தாவணியில் சென்னைப் பேருந்துக்கு நிற்பது மூன்று நாள் ஓய்வையும் ஒரே இரவில் தீர்த்துவிடும். கோவை, கொடைக்கானல், தேனி பக்கம் போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்குப் போகக் கூடாது, அவர்களுக்கு ஆரப்பாளையம்.

கிளம்பும் நாளில் மல்லி வாங்குங்கள். பங்குனி, சித்திரையில் விளைச்சல் உச்சத்தில் இருப்பதால் விலை தணிந்திருக்கும், முகூர்த்த நாளில் மட்டும் ஏறும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலையிலேயே விரியாத, கெட்டியான மொட்டாகப் பார்த்து எடுங்கள். அன்று இரவே விரிந்துவிடும் பூ இது. தொடுத்த சரத்தை விட உதிரி மொட்டு அதிக நேரம் தாங்கும். வாழையிலையில் தளர்வாகச் சுற்றி, துணிப்பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் சூட்டில் புழுங்கி, திண்டுக்கல் தாண்டுவதற்குள் பழுப்பேறிவிடும்.